பொறை தந்து பொறை கற்பித்தோம்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

விருந்தோம்பல் தமிழரின் தனிப்பண்பு என்று மேடைதோறும் கேட்கிறோம். எங்கள் வீட்டில் அந்தப் பண்பை எங்கள் எல்லோரையும்விட மிகுதியாகப் போற்றியது மணிதான். வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே ஓடிச் சென்று எதிர்கொள்ளும், முன்கால் இரண்டையும் அவர் மார்பில் வைக்கும், முகத்தை நக்கும், கையில் பழப்பை இருந்தால் அதையும் தானே வாங்கிக்கொள்ளும். மணி எங்கள் நாய்.

அது இராசபாளையமும் அன்று; சிப்பிப்பாறையும் அன்று; கோம்பையும் அன்று. முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த செவலைக் குட்டி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு நாள்தோறும் ரயிலில் வந்து படிக்கும் நான், ஒரு மாலை அதைப் புத்தகப் பையில் வைத்து வீட்டிற்குக் கொண்டுபோனேன். ஒன்றரை ஆண்டில் உடல் வளர்ந்தது. குணம் மட்டும் குட்டியாகவே நின்றுவிட்டது.

அந்த மணியை விருந்தினர் முன் அமைதியாக இருக்கப் பழக்கிய முறையை இங்கே எழுதுகிறேன். புத்தகத்தில் படித்தது பாதி. பட்டுத் தெரிந்துகொண்டது பாதி.

தை மாதத்தில் ஒரு நாள்

எங்கள் ஊரில் கிடங்கல் என்று ஒரு பகுதி உண்டு. சங்க காலத்தில் கிடங்கில் என்று பெயர் பெற்றிருந்த ஊர் அது. ஓய்மானாட்டு நல்லியக்கோடன் பாணர்களுக்கு விருந்தளித்த பெருமையைச் சிறுபாணாற்றுப்படை பாடுகிறது. அதே பாட்டில், வறுமைப்பட்ட வீட்டின் அடுக்களையில் கண் திறவாத குட்டிகள் பாலுக்கு முட்ட, வேதனை தாங்காமல் தாய்நாய் குரைக்கும் காட்சியும் வருகிறது. விருந்தும் நாயும் ஒரே பாட்டில் இடம்பெற்றன. எங்கள் வீட்டிலோ அவை ஒரே திண்ணையில் மோதிக்கொண்டன.

தை பிறந்ததும் அக்காவைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் பாட்டி எழுபதைக் கடந்தவர், முட்டிவலிக்காரர். அவர்தாம் முதலில் படியேறினார். மணியைத் தோட்டத்தில் கட்டியிருந்தேன். கேட்டின் தாழ்ப்பாள் ஓசை கேட்டதும் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. கடிக்க வரவில்லை; கட்டித் தழுவத்தான் வந்தது. பாட்டி பின்னால் சாய்ந்து, இடக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் கீறல். முழங்கையில் நகம் பட்ட காயம். கேசரியும் பஜ்ஜியும் தட்டிலேயே இருந்தன. அக்கா அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

நகக்கீறல்தானே என்று யாரும் விட்டுவிடக்கூடாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. பாரிசில் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு முதன்முதலில் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். நம் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தோன்றியது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்று பெரியவர்கள் அஞ்சும் பழைய மருந்து இப்போது இல்லை, கையில்தான் போடுகிறார்கள். மணிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தோம். ஆயினும் பாட்டிக்கு ஒரு மாதத்தில் நான்கு முறை ஊசி போட வேண்டியதாயிற்று.

"கைக்கட்டு அவிழ்க்கட்டும், ஆறு வாரம் கழித்து வருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது மரியாதைக்குச் சொன்ன சொல்லா, மெய்யாகவே வருவார்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுபவர்; ஒரு முறைதான் பேசுவார். "வண்டியில் ஏற்றி மரக்காணம் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வா" என்றார். அறியாத ஊரில் விடப்பட்ட நாயை அவ்வூர் நாய்கள் என்ன செய்யும் என்பது அவருக்கும் தெரியும். நான் அந்த ஆறு வாரத்தைத் தவணையாகக் கேட்டேன். அக்காதான் பரிந்து பேசினாள். "என்னால் ஒரு உயிர் தெருவில் நிற்க வேண்டாம்பா" என்றாள்.

நாய் ஏன் தாவுகிறது?

ஓநாய்க் குட்டிகள், வேட்டை முடித்துத் திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயோரத்தை நக்கும். உடனே பெரியது தான் விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். குட்டிக்கு அதுதான் வரவேற்பு. அதுதான் உணவு கேட்கும் முறை. நாய், ஓநாயின் வழித்தோன்றல். ஆனால் நம் வாய் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அதை எட்டத்தான் நாய் தாவுகிறது.

இது இயற்கை. அதை வழக்கமாக்கியவர்கள் நாம். மணி உள்ளங்கை அளவு இருந்தபோது காலில் தொற்றினால் தூக்கிக் கொஞ்சினோம். பதினெட்டுக் கிலோ ஆன பின் அதே செயலுக்கு "சீ, போ!" என்றோம். நேற்றுவரை அன்பு கிடைத்த செயல் இன்று குற்றமானதை அதற்கு யார் சொன்னார்கள்?

நாய்க்குத் தேவை நம் கவனம். பார்த்தால் அது கவனம், தொட்டால் கவனம், "கீழே இறங்குடா" என்று தள்ளினால் அதுவும் கவனம்தான். தள்ளுவதை அது விளையாட்டு என்றே எண்ணி மீண்டும் பாய்கிறது.

பாவ்லோவும் எங்கள் மணியும்

வகுப்பில் விலங்கின நடத்தையியல் பாடம் நடந்தபோது பேராசிரியர் பாவ்லோவைப் பற்றிச் சொன்னார். ரஷ்ய நாட்டு உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு தரும் முன் ஓர் ஓசையை மீண்டும் மீண்டும் எழுப்பினால், பின்னர் அந்த ஓசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை அவர் காட்டினார். நண்பர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் நாய்க்கு மணி. எங்கள் நாயே மணி!

சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் மணிக்கும் ஓர் ஓசை இருக்கிறது. கேட்டின் தாழ்ப்பாள். "ணங்" என்றால் ஆள் வருகிறார். ஆள் வந்தால் ஆரவாரம். விருந்தினரைக் காணும் முன்பே அதற்கு வெறி ஏறிவிடுகிறது. அந்த ஓசையின் பொருளை மாற்ற முடியுமானால்?

இன்னொரு விதியும் உண்டு. அமெரிக்கரான தார்ன்டைக் 1898இல் பூனைகளைக் கூண்டில் அடைத்து ஆராய்ந்தார். எந்தச் செயலுக்கு நல்ல பயன் கிடைக்கிறதோ அது வலுப்படும். பயன் கிடைக்காதது தேயும் என்று கண்டார். பின்னர் ஸ்கின்னர் இதை மேலும் விரித்தார். எப்போதாவது மட்டும் பயன் கிடைக்கும் செயல் எளிதில் மறைவதில்லை என்பது அவர் காட்டிய உண்மைகளுள் ஒன்று. 2003இல் தமிழ்நாட்டில் தடை செய்யப்படும் வரை லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களைக் கேட்டால் இதை நன்கு விளக்குவார்கள். நூறு சீட்டு வீணானாலும் நூற்றொன்றாவதை வாங்க வைத்தது என்றோ விழுந்த சிறு பரிசுதானே!

புளியம் விளார் எதற்கு உதவாது?

திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். ஆகவே எங்கள் ஊரில் விளாருக்குப் பஞ்சமில்லை, அறிவுரைக்கும் பஞ்சமில்லை. "நாலு இழுப்பு இழு, தானாக அடங்கும்" என்றார் ஒருவர். "தாவும்போது முட்டியால் நெஞ்சில் இடி" என்றார் மற்றொருவர். "நீதான் தலைவன் என்று காட்டு" என்றார் மூன்றாமவர்.

இந்தத் தலைவன் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. ருடால்ப் ஷெங்கல் என்பவர் அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களைக் கண்டு 1947இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. காட்டில் வாழும் ஓநாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பமே என்று 1999இல் எழுதினார். குடும்பத்தில் தகப்பன் தலைவனாவதற்கு முட்டியால் இடிக்க வேண்டுமா?

அடித்தால் வேறோர் ஆபத்தும் உண்டு. விருந்தினர் வந்தபோதெல்லாம் வலி வந்தால், விருந்தினரே வலிக்குக் காரணம் என்று நாய் கற்றுக்கொள்ளும். இன்று நக்குகிற நாய் நாளை உறுமும். உறுமியதற்கும் அடித்தால், உறுமாமலே கடிக்கும்.

நாங்கள் செய்த முறை

முதலில் நாயின் உடலைக் கவனித்தோம். நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாய்க்கு விருந்தினர் வருகைதான் ஒரே திருவிழா. எனவே காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நடத்தினேன். வேகமாக இழுத்துச் செல்லாமல், அது விரும்பிய இடமெல்லாம் மோப்பம் பிடிக்க விட்டேன். மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் விரைவில் களைக்கும்.

இரண்டாவதாக, அதற்கென்று ஓர் இடம். திண்ணைத் தூணோரம் ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டேன். "தாவாதே" என்றால் நாய் அதற்குப் பதில் என்ன செய்வது என்று அறியாது. "சாக்கில் படு" என்றால் அறியும். தாவுதலும் படுத்தலும் ஒரே நேரத்தில் நிகழ முடியாது அல்லவா?

கூலி, பொறை. டீக்கடைக் கண்ணாடிச் சாடியில் இருக்குமே, அந்தப் பொறைதான். சுண்டுவிரல் நகம் அளவு துண்டுகளாக நொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாக்கில் கால் வைத்தால் ஒரு துண்டு, உட்கார்ந்தால் ஒன்று, படுத்தால் இரண்டு. பிறகு படுத்தபடி ஐந்து எண்ணும் வரை இருந்தால், பின் இருபது, பின் ஐம்பது. வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். நான் பொறைக்குப் பொறையைப் பண்டமாற்றுச் செய்தேன்.

மூன்றாவதாக, தாழ்ப்பாள். யாரும் வராத நேரத்தில் தம்பி கேட்டருகே நின்று "ணங்" செய்வான். உடனே நான் சாக்கின் மேல் ஒரு துண்டு போடுவேன். ஒரு வேளைக்குப் பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒரு வாரம் ஆனதும் ஓசை கேட்டால் மணி கேட்டைப் பார்க்காமல் சாக்கைப் பார்த்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைத் தேர்வு முடிவுகூடத் தந்ததில்லை.

நான்காவதாக, ஒத்திகை விருந்தினர். முதலில் தம்பி, அடுத்து குடையோடு தம்பி, அடுத்து மாமாவின் வேட்டியும் கண்ணாடியும் அணிந்த தம்பி, பின் பக்கத்து வீட்டுக்காரர், கடைசியில் அறிமுகமில்லாத என் கல்லூரி நண்பர்கள். படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரு படியில் தவறினால் கீழ்ப்படிக்கு இறங்கி மீண்டும் தொடங்க வேண்டும். அக்காலமெல்லாம் மணியைத் தூணில் கயிற்றால் கட்டியிருந்தேன். சாக்கை எட்டலாம், வாசற்படியை எட்ட முடியாது என்ற அளவில் கயிறு. அது தண்டனைக்கு அன்று, வருபவரின் பாதுகாப்புக்கு.

வருகிறவர்களுக்கு ஒரே விதி: நான்கு காலும் தரையில் இருக்கும் வரை பார்க்காதீர், பேசாதீர், தொடாதீர். தாவினால் முதுகைத் திருப்பி நில்லுங்கள். கால் கீழே வந்ததும் மெல்லிய குரலில் பெயர் சொல்லி, கழுத்தோரம் தடவுங்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோக வேண்டாம்.

"குரைக்காத நாய் எதற்குடா?" என்று கேட்டாள் எங்கள் ஆயா. நியாயமான கேள்வி. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் அக்கல் பெயர் சொல்லிப் போற்றுகிறது. காவல் நாயின் உரிமையை நான் பறிக்கவில்லை. இரண்டு குரைப்புக்கு அனுமதி உண்டு. "போதும்" என்று நான் சொன்னதும் சாக்கு.

குற்றவாளி யார்?

மூன்றாம் வாரத்தில் எல்லாம் தலைகீழானது. மணி முன்னிலும் உயரமாகத் தாவியது. பால்காரரின் தூக்கைத் தட்டிவிட்டது. என் சட்டைக் கையைக் கிழித்தது. "இதுதான் நீ படிக்கிற படிப்பா?" என்றார் அப்பா. நான் மரக்காணம் பேருந்தின் நேரத்தைக்கூட மனத்துக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. வழக்கமாகக் கிடைத்த பயன் நின்றால், செயல் மறையும் முன் ஒருமுறை பொங்கி எழும் என்றார். பூட்டிய கதவை முதலில் மெல்லத் தட்டுகிறோம்; திறக்காவிட்டால் ஓங்கித் தட்டுகிறோம்; பிறகுதான் திரும்பிப் போகிறோம். ஓங்கித் தட்டும்போது திறந்துவிட்டால் இனி எப்போதும் ஓங்கியே தட்டுவோம். "வீட்டில் யாரோ கதவைத் திறக்கிறார்கள், பார்" என்றார்.

அன்று மாலை ரயிலில் விக்கிரவாண்டி, மயிலம் எல்லாம் கடந்தது தெரியாமல் யோசித்து வந்தேன். வீட்டில் இரண்டு நாள் கவனித்தேன். ஆயா, யாரும் பார்க்காதபோது மடியில் தாவிய மணிக்குத் தோசை விண்டு கொடுத்தாள். அது சிறு குற்றம். பெரிய குற்றவாளி அப்பா. வேலை நாளில் வெள்ளை வேட்டியோடு வரும்போது தாவினால் அதட்டுவார். ஞாயிற்றுக்கிழமை லுங்கியில் இருக்கும்போது, "வாடா என் ராஜா" என்று அவரே மார்பைத் தட்டி அழைப்பார். நாய்க்கு வேட்டி, லுங்கி பேதம் தெரியுமா? அப்பாதான் அந்த லாட்டரிச் சீட்டு!

இதை எப்படிச் சொல்வது? வீட்டை விட்டு அனுப்பச் சொன்னவர் அவர். அதன் மேல் உயிரை வைத்திருந்தவரும் அவர். நான் பேசவில்லை. என் நோட்டைத் திறந்து அவர் கணக்குப் பெட்டியின் மேல் வைத்துவிட்டேன். யார் வந்தபோது எத்தனை முறை தாவியது, அப்போது என்ன கிடைத்தது என்று நாள்வாரியாக எழுதியிருந்தேன். கணக்கு எழுதுபவர்க்குக் கணக்கு புரியும். அடுத்த ஞாயிறு மணி அவர் மார்பை நோக்கி எழும்பியது. அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று நான் எண்ணவில்லை. மணி களைத்துப் போய் உட்கார்ந்தது. அப்பா குனிந்து அதன் கழுத்தைத் தடவினார். அதன்பின் மரக்காணம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை.

பங்குனியும் ஆடியும்

விழுப்புரத்தார் பங்குனியில் மெய்யாகவே வந்தார்கள். அன்று காலை ஏரிக்கரையில் இருமடங்கு நடை. வாசலில் "ணங்" கேட்டது. மணி இருமுறை குரைத்தது, என்னைப் பார்த்தது, சாக்கில் போய்ப் படுத்தது. நடுவில் ஒருமுறை எழுந்தது உண்மை. உடல் முழுதும் நடுங்க நின்று, மீண்டும் படுத்துக்கொண்டது. வால் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

ஆனாலும் பாட்டியின் கண்ணில் அச்சம் தெரிந்தது. உடனே மணியைத் தோட்டத்திற்குக் கொண்டுபோய் அடைத்தேன். இதை நாய் வளர்ப்போர் மறக்கக்கூடாது. நம் நாய் நமக்குப் பிள்ளை. வந்தவருக்கு அது நாய். "ஒன்றும் செய்யாது" என்று நாம் சொல்வதால் அவர் அச்சம் போய்விடாது. நாய் தன் திறமையைக் காட்டுவதைவிட விருந்தினர் மன நிம்மதியே பெரிது. அதுபோலவே, மகிழ்ச்சியால் அன்றி அச்சத்தால் குரைக்கும் நாயும் உண்டு. வாலை ஒடுக்கி, உடல் விறைத்து, பல் காட்டும் நாயிடம் இந்த ஒத்திகையெல்லாம் கூடாது; கால்நடை மருத்துவரிடம் கலந்து செய்ய வேண்டும்.

வைகாசியில் திருமணம் முடிந்தது. அக்கா விழுப்புரம் போனாள். ஒரு வாரம் மணி அவள் பாய் இருந்த மூலையிலேயே கிடந்தது.

ஆடிக்கு அழைத்து வந்தோம். கேட் தாழ்ப்பாள் ஒலித்தது. மணி குரைக்கவில்லை, காற்றில் மூக்கை உயர்த்தியது. மறுகணம் ஐந்து மாதப் பாடமும் பறந்துவிட்டது! அழுவது போன்ற ஒரு குரலோடு பாய்ந்து, அக்காவின் புதுப்புடவை மேல் காலை வைத்தது. நான் தடுக்க ஓடினேன்.

அக்கா என்னைக் கையமர்த்தினாள். மெல்லத் திரும்பி, தெருவைப் பார்த்து நின்றாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கை மட்டும் அசையவில்லை. மணி சுற்றிச் சுற்றி வந்தது, ஒருமுறை எழும்பியது, பிறகு அவள் காலடியில் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் அவள் தரையில் அமர்ந்து அதை மடியில் இழுத்துக்கொண்டாள்.

நண்பர்களே, ஒரு நாயைப் பழக்க ஆறு வாரம் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். சில நாய்க்கு ஆறு மாதம் ஆகும். ஆனால் பழக வேண்டியது நாய் மட்டும் அன்று. வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே சொல், ஒரே செயல் என்று நின்றால், நாய் அவர்கள் பின்னே வந்துவிடும். இப்போது எங்கள் சாக்கு சற்றே நைந்துவிட்டது. அப்பா மண்டியிலிருந்து புதிதாக ஒன்று கொண்டுவந்து, அவரே நான்காக மடித்துப் போட்டிருக்கிறார்.